வில்லை தேய்த்த ஞானி

ஆம்ஸ்டர்டாம் நகரின் போர்த்துக்கீசிய யூதர் குடியிருப்பில், 1632ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் பிறந்தவர் பாருக் ஸ்பினோசா. கட்டாய மதமாற்றத்துக்கும் சமய விசாரணைக்கும் ஆளான மரபினர் அவர்தம் முன்னோர். தம் சமயத்தை மறைவில் போற்றியிருந்து, ஹாலந்து மண்ணில்தான் வேதத்தை வாய்விட்டு ஓத வாய்ப்புப் பெற்ற சமூகம் அது. அத்தகைய சமூகம், வேதத்தின்மீதே வினா எழுப்பும் தன் பிள்ளையை எங்ஙனம் நோக்கியிருக்கும் என்பதை எண்ணினால், பின்னர் நிகழ்ந்ததில் ஒரு தரப்பின்மீது மட்டும் பழி சுமத்தத் தோன்றாது.

ஆறு வயது நிறையுமுன்னரே தாயை இழந்தார். எபிரேயமும் வேதமும் சமூகப் பள்ளியில் கற்றார். 1654இல் தந்தை மறைந்தபின், தம்பி கேப்ரியேலுடன் குடும்ப வணிகத்தை நடத்தினார். இலத்தீன் கற்பித்தவர் வான் டென் எண்டன் என்னும் சிந்தனையாளர். 1656 ஜூலை 27ஆம் நாள், இருபத்துமூன்று வயதில், சமூகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அவரோடு பேசுவதும், அவருக்கு எழுதுவதும், அவர் எழுதியதைப் படிப்பதும் தடுக்கப்பட்டன. அவர் செய்த குற்றம் யாதென்பது அந்த ஆணையில் விளக்கப்படவில்லை. அந்நாள்வரை அவர் ஒரு நூலும் வெளியிட்டிருக்கவும் இல்லை!

பின்னர் ரைன்ஸ்பர்க், வூர்பர்க், ஹேக் என ஊர் மாறி வாழ்ந்தார். நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் உரிய வில்லைகளைத் தேய்த்து மெருகிடுவது அவர் தொழில். நண்பர் சிலரின் உதவியும் இருந்தது. தேவைகளோ மிகச் சில.

1670இல், ஆசிரியர் பெயரின்றி, ஹாம்பர்க்கில் அச்சானதாகப் பொய்யாகக் குறித்து, ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு நூல் வெளிவந்தது. இறையியல்–அரசியல் ஆய்வுரை என அதைக் குறிக்கலாம். கவிஞர்கள் கருத்தூன்றிப் பார்க்கவேண்டிய பகுதி, தீர்க்கதரிசிகளைப் பற்றி அதில் அவர் எழுதியது. ஏசாயா கண்ட இறைவன் ஆடையணிந்து அரியணையில் வீற்றிருக்கிறார். எசேக்கியேலோ இறைவனை நெருப்பின் சாயலில் காண்கிறார். இருவரில் ஒருவர் பிழையாகக் கண்டார் என்று ஸ்பினோசா கூறவில்லை. அவரவர் எவ்வாறு எண்ணிப் பழகினரோ அவ்வாறே கண்டனர் என்றார். நாட்டுப்புறத்தான் தீர்க்கதரிசியானால் காட்சியில் மாடுகள் வரும். படைவீரனானால் சேனைகள் வரும். அரண்மனையில் பழகியவனானால் அரியணை வரும். மகிழ்ந்த நெஞ்சினர் வெற்றியையும் அமைதியையும் முன்னுரைத்தனர்; துயர் தோய்ந்தவர் போரையும் அழிவையும் முன்னுரைத்தனர். சினமுற்றிருந்த எலிசா, இசைவாணனை அழைத்து வாசிக்கச் செய்த பின்னரே இறைவாக்கைப் பெற முடிந்தது என்னும் வேதச் செய்தியையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். யோசுவா சூரியனை நிற்கச் சொன்னது, சூரியனே பூமியைச் சுற்றுகிறது என அவர் நம்பியதால்தான்.

இதனால் வேதம் பொய்யாகிவிடுகிறதா? இல்லை என்பதே ஸ்பினோசாவின் விடை. இறைவனின் உருவம், இருப்பிடம், கோபம், மனமாற்றம் பற்றிய சொற்களெல்லாம் காண்பவரின் அளவுக்கும் கேட்பவரின் அளவுக்கும் ஏற்ப அமைந்தவை. நீதியும் அன்பும் கைக்கொள்ளுங்கள் என்னும் போதனை மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றாகவே வருகிறது. வேதத்தின் அதிகாரம் அந்தப் போதனைக்கு உரியது; வானியலுக்கு உரியதன்று.

ஓரிடத்தில் அவருடன் உடன்பட முடியவில்லை. தீர்க்கதரிசிகள் கற்பனையாற்றலில் சிறந்தவரேயன்றி அறிவில் சிறந்தவரல்லர் என்கிறார். கற்பனையை அறிவுக்குக் கீழே ஒரு படியில் நிறுத்தும் கணிதமனம் பேசும் பேச்சு இது. நெருப்பாகக் கண்டவனுக்கு, நெருப்பைத் தவிர வேறெதனாலும் சொல்லமுடியாத ஒன்று தெரிந்திருக்கக் கூடாதா? எனினும், தீர்க்கதரிசியின் நடையையும் மனநிலையையும் ஊரையும் தொழிலையும் கொண்டு அவர் வாக்கைப் படிக்கக் காட்டிய வழி, கவிதை படிப்போருக்கும் ஏற்ற வழியே.

1674இல், பேய்கள் உண்டு என வாதாடி எழுதிய ஹியூகோ பாக்சல் என்பாருக்கு விடையிறுக்கையில் இக்கருத்தை வேடிக்கையாகவும் கூறினார்: முக்கோணத்துக்கு வாய் இருந்தால், கடவுள் ஒப்புயர்வற்ற முக்கோணம் என்றே அது சொல்லும், வட்டமும் தன் பங்குக்கு அவ்வாறே சொல்லும்.

வேடிக்கை பேசும் காலமன்று அது. இத்தகைய கருத்துகளை மக்கள்மொழியாகிய டச்சில் எழுதிய நண்பர் கூர்பாக், 1669இல் ஆம்ஸ்டர்டாம் சிறையில் மாண்டார். ஸ்பினோசா இலத்தீனில் எழுதியதும், தம் நூல் டச்சில் பெயர்க்கப்படுவதாக அறிந்தவுடன் அதை நிறுத்தும்படி வேண்டியதும் இந்த அச்சத்தாலும் இருக்கலாம். 1672இல் ஆட்சித்தலைவர் டி விட்டையும் அவர் தமையனையும் ஹேக் தெருவில் ஒரு கும்பல் கொன்றது. 1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளிக்க முன்வந்தது. நிலைநாட்டப்பட்ட சமயத்தைக் குலைக்காதிருத்தல் வேண்டும் என்னும் வரம்பு எதுவரை நீளும் எனத் தமக்குத் தெரியாது என்று கூறி மறுத்துவிட்டார். 1674இல் ஆய்வுரை நூல் ஹாலந்தில் தடைசெய்யப்பட்டது.

1677 பிப்ரவரி 21ஆம் நாள், நுரையீரல் நோயால், நாற்பத்துநான்காம் வயதில் ஹேக்கில் மறைந்தார். விட்டுச்சென்றவை சில உடைகள், வில்லைகள், ஏறத்தாழ 160 நூல்கள், கையெழுத்துப் படிகள் அடங்கிய ஓர் எழுதுமேசை. அவர் விருப்பப்படி அம்மேசை ஆம்ஸ்டர்டாமில் இருந்த பதிப்பாளரிடம் சேர்ந்தது. அவ்வாண்டே, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் தாங்கி, அவருடைய எஞ்சிய நூல்கள் வெளிவந்தன. மறு ஆண்டில் அவையும் தடைசெய்யப்பட்டன. அறவியல் என்னும் பெருநூல் அத்தொகுதியில்தான் முதன்முதலாக அச்சேறியது. இலத்தீன் பதிப்பின் இறுதியில், தம்மை விலக்கிய சமூகத்தின் வேதமொழியாகிய எபிரேயத்துக்கு அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட இலக்கணமும் உள்ளது.