சேர். பொன். இராமநாதன்

கேற் முதலியார் பொன்னம்பலத்தின் மைந்தராக 1851இல் கொழும்பிற் பிறந்த இராமநாதனுக்குச் செல்வமும் செல்வாக்கும் தொட்டிலிலேயே வாய்த்தன. சொலிசிற்றர் ஜெனரலாகப் பல ஆண்டுகள் அரசின் பக்கம் நின்று வழக்குரைத்தவர், 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார்.

1915 மே இறுதியிற் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டது. சில நாட்களில் அது அடங்கிய பின்னரும் இராணுவச் சட்டம் ஆகஸ்டு முடிவுவரை நீடித்தது. பெருவணிகர் ஒருவரின் மகனாகிய ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுடப்பட்டு இறந்தார். தந்தையின் பொருள் அவரைக் காக்கவில்லை. கலகச் சேதத்துக்கெனச் சிங்கள மக்களிடம் பணமும் அறவிடப்பட்டது.

தமிழரான இராமநாதன் வாளாவிருந்திருந்தால் எவர் குறைகூறியிருப்பார்? அவரோ சபையிலே தேசாதிபதியின் ஆட்சியைக் கண்டித்தார். உலக யுத்தத்தின் நடுவே, அறுபத்து நான்கு வயதில், கடலாபத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று முறையிட்டார். 1916இல் நூலும் வெளியிட்டார். கலகம் ஓய்ந்தபின் இராணுவச் சட்டத்துக்கு இடமில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். 1915 முடியுமுன் தேசாதிபதி சாமர்ஸ் பதவி நீங்கினார். மீண்டு வந்த இராமநாதனின் வண்டியைச் சிங்களப் பெருமக்கள், குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர்.

தம் பொருளைக் கொச்சிக்கடைச் சிவாலயத்துக்கும் இராமநாதன், பரமேஸ்வராக் கல்லூரிகளுக்கும் வாரி வழங்கியவர் அவர். ஆயினும், டொனமூர் ஆணைக்குழு 1928இல் விதந்துரைத்த சர்வசன வாக்குரிமையை அவர் ஏற்கவேயில்லை. வறியவரையும் அடக்குமுறையினின்று காக்கத் துணிந்தவர், அவர் கையில் வாக்கைக் கொடுக்க மட்டும் அஞ்சினார். பிறப்பு வகுத்த வேலியை இவ்வொன்றில் அவராலுந் தாண்ட முடியவில்லை என்றே சொல்லவேண்டும். அவ்வாக்குரிமையுடன் 1931இல் முதற்பொதுத் தேர்தல் நடந்தபோது அவர் இருக்கவில்லை. 1930 நவம்பர் 26ஆந் திகதி சிவபதமடைந்துவிட்டார்.