விழித்திரை கண்ட வித்தகர்

கண்ணின் நடுவே கரிய பாவை ஒன்று உண்டு. ஒளி அதன் வழியே உட்புகுந்து விழித்திரையிற் படிகின்றது. எனினும், வெளியே நின்று நோக்குவோர்க்கு அப்பாவை இருண்ட வாயிலாகவே தோன்றும். அவ்வாயிலின் உட்புறத்தை மருத்துவர்க்குக் காட்டியவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர்.

இவர் ஜெர்மனியிலுள்ள பாட்ஸ்டாம் நகரில் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். மகனார் உள்ளமோ பௌதிகத்தில் தோய்ந்திருந்தது. அக்கல்விக்குத் தந்தையார் ஊதியம் போதவில்லை. பின்னர்ப் படையில் மருத்துவராகப் பணிபுரிய இசைவோர்க்கு அரசு பெர்லினில் மருத்துவக் கல்வி அளித்து வந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனை ஏற்றார். விரும்பிய துறை ஒன்று. வாய்த்த துறை மற்றொன்று. அவர் இரண்டையும் பேணினார். படை மருத்துவராயிருந்தபோதே, 1847-இல், ஆற்றல் வடிவு மாறுமேயன்றி அழியாது என்னும் உண்மையை விளக்கிக் கட்டுரை வரைந்தார். 1849-இல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் கற்பிக்கச் சென்றார்.

அங்கே, 1850-இல், மாணவர்க்குக் கண்ணைப் பற்றிப் பாடஞ் சொல்ல முனைந்தபோது, பாவை கருமையாகத் தோன்றும் காரணத்தை ஆராய்ந்தார். விழித்திரையினின்று மீளும் ஒளி, வந்த வழியே திரும்புகின்றது. அதனைக் காண அவ்வழியில் தலையை வைத்தால், உட்செல்லும் ஒளியைத் தலையே மறைத்துவிடும். ஆகவே, மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக அமைத்தார். பக்கத்து விளக்கின் ஒளி தகட்டிற் பட்டுத் திரும்பிக் கண்ணுட் சென்றது. மீண்ட ஒளி தகட்டை ஊடுருவி அவர் கண்ணை அடைந்தது. அட்டையும் வில்லைகளும் கொண்டு ஆக்கிய அவ்வெளிய கருவியால் உயிருள்ள மனிதரின் விழித்திரையும், குருதிக் குழாய்களும், பார்வை நரம்பின் முகப்பும் புலனாயின. இருதுறைக் கல்வியும் ஒருங்கே பயன் தந்தது.

பெர்லின் கண்மருத்துவர் கிரேஃபே இக்கருவியைக் கையாண்டார். மூளையிற் கட்டியுள்ள சிலர்க்கு நரம்பு முகப்பு வீங்கியிருத்தலை 1860-இல் எடுத்துரைத்தார். மூளையின் நோயைக் கண்வழியே அறியலாம் என்பது விளங்கிற்று. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒளி, ஒலி, மின்சாரம் ஆகியவற்றை மேலும் ஆராய்ந்து, 1894-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி உள்ளது. இரு பார்வை நரம்புகளும் கூடுமிடம் அதற்கு மேலே அமைந்துள்ளது. சுரப்பியிற் கட்டி வளர்ந்து நரம்புகளை அழுத்தினால், இருபுறமும் பார்வை மங்கும். அறுவை செய்து கட்டியை நீக்கியபின் சிலர்க்குப் பார்வை மீளும், சிலர்க்கு மீளாது. முன்னரே அதனை உய்த்துணர்வது எங்ஙனம்? 1991-இல் அறிவிக்கப்பெற்ற ஒளிப்படக் கருவி ஒன்று விழித்திரையின் நரம்பிழைப் படலத்தை அளந்து காட்டுகின்றது. அப்படலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புடையது. அது தேயாதிருப்பின் பார்வை மீளும் வாய்ப்பு மிகுதி. மெலிந்திருப்பின் வாய்ப்புக் குறைவு. மெலிந்தவர் சிலரும் நலம் பெறுவதால், மருத்துவர் இதனை முடிந்த முடிபாகக் கொள்வதில்லை. ஆயினும், காலந்தாழ்த்தாது அறுவை செய்யவும், நோயாளிக்கு உள்ளதை உள்ளவாறு உரைக்கவும் இவ்வளவை துணைபுரிகின்றது.

மாணவர்க்குப் பாடம் விளக்க எழுந்த முயற்சி, ஒளியிழக்கும் கண்களுக்கு உதவும் கலையாக வளர்ந்தது. வாய்த்த கல்வியை மனமுவந்து கற்றார்க்கு அக்கல்வி எந்நாளும் வீண்போவதில்லை.