மாதிரிக் கப்பல் செய்த மன்னரின் தச்சர்



மழை விட்டதும் கித்தாக்காட்டு வாய்க்காலில் மரத்துண்டைக் கப்பலாக்கி மிதக்க விடாத பிள்ளை நம்ம தோட்டத்தில் உண்டா? படிக்கிற நேரத்தில் என்னடா மரம் செதுக்குறே என்று அம்மா சத்தம் போடுவதும் வழக்கம்தான். அந்தத் தாய்மார்களுக்காகவும் சேர்த்துத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். சின்னஞ்சிறு மரக்கப்பல் செய்தே இங்கிலாந்து அரசர்களின் கப்பல் தச்சராக உயர்ந்த பினியஸ் பெட் என்பவரின் வாழ்க்கை வரலாறு இது.

அவர் 1570-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டெட்போர்டில் பிறந்தார். தகப்பனார் பீட்டர் பெட் அரசாங்கக் கப்பல் பட்டறையின் தலைமைத் தச்சர். மகன் கைத்தொழிலோடு நிற்கக்கூடாது, ஏட்டுக்கல்வியும் வேண்டும் என்று எண்ணி, 1586-இல் அவரைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஆனால் மூன்று ஆண்டுகளில் தகப்பனார் காலமாகிவிட்டார். படிப்புக்குப் பணம் அனுப்ப ஆள் இல்லை. பல்கலைக்கழகப் பிள்ளை உளியும் வாய்ச்சியும் எடுத்துக்கொண்டு ரிச்சர்ட் சாப்மன் என்ற தச்சரிடம் தொழில் பழகப் போனார். மூன்று வருஷம் முடிவதற்குள் அந்தக் குருவும் இறந்துபோனார்.

பிறகு ஒரு கப்பலில் தச்சராகக் கடலேறினார். ஏறத்தாழ இருபது மாதங்கள் பட்ட பாட்டுக்குக் கூலியாகக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கிழிந்த துணியோடு லண்டன் திரும்பியவருக்கு அண்ணன் ஜோசப் கொஞ்சம் பணம் கொடுத்து உடுப்பு வாங்க உதவினார். 1595-இல் அதே அண்ணனின் கீழ் வுல்விச் பட்டறையில் சாதாரணக் கூலித் தச்சராகச் சேர்ந்தார். தலைமைத் தச்சரின் மகன், கல்லூரி வாசலை மிதித்தவன், கூலிக்கு மரம் இழைத்தான்! அதில் அவர் வெட்கப்பட்டு ஒதுங்கியதாகத் தெரியவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் குளிர்கால மாலைகளில் வேலை முடிந்ததும் அவர் கணக்குப் போட்டார், படம் வரைந்தார், தொழிலின் நுட்பங்களைப் பயின்றார். அக்காலத்தில் கப்பல் கட்டும் கணக்கு சில மூத்த தச்சர்களின் கைக்குள் இருந்த ரகசியம். அவர்களில் பெயர் பெற்றவர் மேத்யூ பேக்கர். அவருடைய கீழும் பினியஸ் வேலை செய்து தொழில் கற்றார். இந்த பேக்கரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றதைக் காட்ட வேண்டுமே! ஒரு சிறிய மாதிரிக் கப்பல் செய்தார். மாதிரிக் கப்பல் என்றால் மரத்துண்டைக் குடைந்து மேலே ஒரு குச்சி நடுவதல்ல. முதலில் முதுகெலும்பு போல அடிமரம். அதன்மேல் இரு பக்கமும் விலா எலும்பு போல வளைமரங்கள். அவற்றின்மேல் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்த வேண்டும். பெரிய கப்பலில் உள்ள ஒவ்வோர் அளவும் இதிலும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு வளைமரம் கோணினால் கப்பலே கோணிவிடும். பிறகு பாய்மரம், கயிறுகள். இப்படிச் செய்த கப்பலைக் கடற்படை அதிகாரியான ஜான் டிரெவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 1600-இல் சாத்தம் பட்டறையின் மரக்கிடங்குக்குப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. அன்பளிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

1604-இல் அடுத்த வாய்ப்பு வந்தது. மன்னர் முதலாம் ஜேம்ஸின் மூத்த மகன் ஹென்றிக்கு அப்போது பத்து வயது. இளவரசர் விளையாடவும் கப்பல் விஷயங்களைத் தெரிந்துகொள்ளவும் சிறிய கப்பல் ஒன்று சீக்கிரம் வேண்டும் என்று கடற்படைத் தலைவரிடமிருந்து உத்தரவு. அடிமரம் 28 அடி, அகலம் 12 அடி. பாய்த்துணியால் கூரை கட்டி, தீப்பந்த வெளிச்சத்தில் இரவும் பகலும் உழைத்து, சுமார் ஏழு வாரத்தில் பினியஸ் அதை நீரில் இறக்கினார். பிறகு தேம்ஸ் நதி வழியாக லண்டனுக்குக் கொண்டுவந்தார். இளவரசரே கிண்ணத்தில் மது ஏந்தி அதற்கு டிஸ்டெயின் என்று பெயர் சூட்டினார். அன்று முதல் தச்சர் இளவரசரின் ஊழியரானார். பத்து வயதுச் சிறுவன் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய துணை என்பது பின்னால் தெரியும்.

1607-இல் இளவரசருக்காக இன்னொரு மாதிரிக் கப்பலைப் பெரும்பகுதி தம் கையாலேயே செய்தார். செதுக்கு வேலை, தங்கப் பூச்சு, அதை வைக்க ஒரு சட்டம், மேலே சிவப்புப் பட்டுத் திரை. மன்னர் பார்த்தார். இதே மாதிரி ஒரு பெரிய போர்க்கப்பல் கட்டு என்று உத்தரவானது. வரைபடம் எல்லார் கண்ணுக்கும் புரியாது. மாதிரிக் கப்பலோ மன்னருக்கும் புரியும், பத்து வயதுப் பையனுக்கும் புரியும். பினியஸின் சாமர்த்தியம் முழுவதும் இதில்தான் இருந்தது.

1608 அக்டோபரில் வுல்விச்சில் பிரின்ஸ் ராயல் என்ற அந்தக் கப்பலுக்கு அடிமரம் போட்டார்கள். உடனே பொறாமையும் எழுந்தது. மரம் உதவாதது, அளவுகள் தவறு, இந்த ஆளுக்குத் தொழில் தெரியாது, அரசாங்கப் பணம் வீணாகிறது என்று மூத்த தச்சர்கள் புகார் செய்தார்கள். அவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அவர் தொழில் பழகிய அதே மேத்யூ பேக்கர்தான். அவர்கள் பின்னால் நார்தாம்ப்டன் பிரபு நின்றார்.

1609 மே 8-ஆம் தேதி மன்னரே வுல்விச்சுக்கு வந்து விசாரணைக்கு உட்கார்ந்தார். பினியஸ் நெடுநேரம் முழங்காலிட்டபடியே பதில் சொன்னார். தோற்றால் வேலை போகும், மானம் போகும். கப்பலின் அடித்தளம் எவ்வளவு அகலம் தட்டையாக இருக்கிறது என்பதில்தான் பெரிய வாக்குவாதம். வாய்ப்பேச்சு போதும் என்று அளவு எடுக்கச் சொன்னார்கள். கிரெஷாம் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் பிரிக்ஸ் போன்றவர்களும் அதில் ஈடுபட்டார்கள். அளவு பினியஸ் சொன்னபடியே இருந்தது. மன்னர் கப்பலடிக்கே போய் மரங்களைப் பார்த்தார். கோளாறு மரத்தில் இல்லை, குற்றம் சாட்டிய ஆட்களிடம்தான் என்ற முடிவுக்கு வந்தார். அன்று இளவரசர் ஹென்றிக்கு வயது பதினைந்து. கடைசிவரை தம் தச்சரின் பக்கமே நின்றார்.

கப்பலை இறக்கும் நாளிலும் சோதனை விடவில்லை. 1610 செப்டம்பர் 24-ஆம் தேதி மன்னர் குடும்பமே கூடியிருக்க, கப்பல் துறையின் வாயிலில் சிக்கிக்கொண்டது. கூட்டம் கலைந்தது. நள்ளிரவுக்குப் பிறகு அடுத்த ஏற்றம் வந்தபோது, மழையில் திரும்பி வந்த இளவரசரின் முன்னிலையில்தான் அது நீரில் இறங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1612 நவம்பரில், பதினெட்டு வயதில் இளவரசர் காலமானார்.

பினியஸ் தவறே செய்யாதவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கப்பலைப் பழுது பார்க்கப் போனவர்கள், அதில் காயாத பச்சை மரமும் உளுத்த மரமும் இருப்பதாகச் சொன்னார்கள். பச்சை மரத்தில் செய்த பெஞ்சு என்ன ஆகும் என்று தோட்டத்துத் தச்சரைக் கேட்டுப்பாருங்கள். அன்று குற்றம் சாட்டியவர்கள் சொன்னது முழுவதும் பொய்யில்லை போலும். அளவில் வென்றவர் மரத்தில் வெல்லவில்லை.

1634-இல், அறுபது வயதைக் கடந்த பிறகு, அவருக்கு இன்னும் பெரிய வேலை வந்தது. மன்னர் முதலாம் சார்ல்ஸ் மூன்று அடுக்குப் பீரங்கித் தளங்கள் கொண்ட கப்பல் கேட்டார். அப்படிப்பட்ட கப்பலை மனித அறிவால் கட்ட முடியாது, கட்டினாலும் நிறுத்தத் துறைமுகம் கிடையாது என்று அனுபவம் மிகுந்த மாலுமிகளின் அமைப்பான டிரினிட்டி ஹவுஸ் தடை சொன்னது. பினியஸ் பழைய வழியையே பிடித்தார். மாதிரி செய்து மன்னரிடம் காட்டினார். பிறகு வடக்கே டர்ஹாம் பகுதிக் காடுகளுக்குத் தாமே போய் மரம் தேர்ந்தெடுத்து, கடல் வழியாக வரவழைத்தார். இந்தத் தடவை மரத்தைத் தாமே பார்த்தார், கவனியுங்கள். கட்டுகிற பொறுப்பு மகன் பீட்டரிடம்.

1637 அக்டோபரில் சாவரின் ஆப் தி சீஸ் நீரில் இறங்கியது. பீரங்கிகள் 102. செலவு 65,586 பவுன். அதில் செதுக்கு வேலைக்கும் தங்கப் பூச்சுக்கும் மட்டுமே 6,691 பவுன். அந்தத் தங்கத்துக்குப் பின்னால் ஏழைபாழைகளின் முணுமுணுப்பும் இருந்தது. கப்பல் வரி என்று பெயர் வைத்து, கடலைக் கண்ணால் கண்டிராத உள்நாட்டு ஊர்களிலும் சார்ல்ஸ் மன்னர் பணம் வசூலித்தார். அந்த மனக்கசப்பும் ஒரு காரணமாகி 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1647-இல் பினியஸ் சாத்தத்தில் காலமானார். இரண்டு ஆண்டு கழித்து மன்னரின் தலையே போயிற்று. முடியாது என்று சொன்ன கப்பலோ டச்சுக்காரர்களுடன் பல போர்களைக் கண்டு, 1696-இல் ஒரு மெழுகுவர்த்தியால் தீப்பிடித்து அழியும்வரை இருந்தது. இன்றும் மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் மிகவும் ஆசைப்பட்டுச் செய்யும் கப்பல்களில் அது ஒன்று. ஜான் பெய்ன் செதுக்கிய அச்சுப்படத்தைப் பார்த்துத்தான் அதன் அலங்காரங்களைச் சரிபார்க்கிறார்கள்.

மகன் பீட்டரைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். 1667 ஜூனில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து, சாத்தத்துக்கு அருகே கப்பல்களைக் கொளுத்தின. அங்கே பொறுப்பதிகாரியாக இருந்த பீட்டர், படகில் எதை ஏற்றிக் காப்பாற்றினார் தெரியுமா? மாதிரிக் கப்பல்களை! விசாரணையில் காரணம் கேட்டார்கள். பெரிய கப்பல்கள் கிடைப்பதைவிட இந்த மாதிரிகள் கிடைத்தால்தான் எதிரிக்கு அதிக லாபம் என்றார். சபையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரைச் சிறையில் வைத்தார்கள், பதவியும் போயிற்று. ஆனால் தகப்பனாரின் பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு எப்படிப் பதில் சொல்லத் தெரியும்?