நூல்நிலையத் தொழிலுக்கு ஏற்றம் தந்த அரங்கநாதனார்

நம் சங்கத்து நூல்நிலையம் என்பது இரண்டு இரும்பு அலமாரிகளும் ஒரு மரப் பீரோவுமே என்பதை அன்பர்கள் அறிவர். அவற்றின் சாவிக்கொத்து பதினோராண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவருக்குப் பதிவேடு எழுதத் தெரியும், ஆதலின் நூல்நிலையத்தையும் பார்த்துக்கொள்வார் என்று அந்நாளைய நிர்வாகக் குழுவினர் கருதினர். அதற்குமேல் ஒன்றும் வேண்டுவதில்லை என்றே நாமும் கருதியிருந்தோம். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை நமக்கு உணர்த்தியது சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனாரின் வாழ்க்கை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட நாம் அப்பேரறிஞரைப் பற்றி எழுதப் புகுவது மிகையே எனினும், தமிழகத்தில் பிறந்து, நம்மைப் போலவே வடபுலம் வந்து உழைத்தவர் என்ற உறவு பற்றி எழுதத் துணிந்தோம்.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் அரங்கநாதனார் தோன்றினார். ஆறு வயதிலேயே தந்தையாரை இழந்தார். சிறு பருவந்தொட்டு அவருக்குத் திக்குவாய் இருந்தது. நாளடைவில் அதனை வென்றார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் ராஸ் என்பாரிடம் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றுச் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் அரசினர் கல்லூரிகளிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நல்லாசிரியர் என்னும் பெயர் இருந்தது, சம்பளந்தான் போதவில்லை.

அக்காலத்தில் சென்னைச் சர்வகலாசாலை, நூல்நிலையத் தலைவர் பதவியொன்றை ஏற்படுத்தி விண்ணப்பம் கோரிற்று. ஊதியம் மிகுதி. நண்பர் தூண்ட அரங்கநாதனார் விண்ணப்பித்தார். நூல்நிலையம் நடத்துவது பற்றி அவர் அப்போது அறிந்திருந்ததெல்லாம், நேர்காணலுக்குச் சில நாள் முன்னர்ப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரை மட்டுமே என்பர். ஆயினும் பதவி அவருக்கே கிடைத்தது.

1924 ஜனவரியில் பணியேற்றவர் ஒரு வாரங்கூடப் பொறுக்க மாட்டாமற் போனார். மாணவர் முகம் பார்த்து வாழ்ந்தவர்க்கு, ஆள் வராத அறையில் நூல்களுக்குக் காவலிருப்பது சிறைவாசம் போலாயிற்று. பழைய கல்லூரிக்கே ஓடி, ஆசிரியர் வேலையைத் திருப்பித் தருமாறு வேண்டினார். பதவியின் நிபந்தனைப்படி முதலில் லண்டன் சென்று நூல்நிலையத் தொழிலைக் கற்று வருக, அதன் பின்னும் பிடிக்கவில்லையெனில் இடம் தருவோம் என்று அங்கே சொல்லி அனுப்பினர். வேலை கசப்பதற்குப் பல வேளைகளில் காரணம் அவ்வேலை இன்னதென்று அறியாமையே அன்றோ? நம் அலுவலகத்திலும் இதனைக் கண்டிருக்கிறோம்.

லண்டனில் யூனிவர்சிட்டி கல்லூரியில் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் பாடம் கேட்டார். அந்நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் பெண்மக்களும் சிறாரும் தயக்கமின்றிப் புகுந்து நூலெடுத்துச் செல்லும் காட்சியை அங்கேதான் கண்டார். தாம் சென்னையில் விட்டு வந்த அறை வெறிச்சோடியிருந்ததற்குக் காரணம் மக்களல்லர், நடத்துவோரே என்பது அவர்க்கு விளங்கிற்று.

செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெருங்கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுக் கருவியையும் அவர் கண்டார். சில இரும்புத் துண்டுகளும் திருகாணிகளுமே இருக்க, அவற்றைக் கொண்டு விதவிதமான பொம்மைகளைச் செய்து காட்டினர். நூல்களைப் பொருள்வாரியாகப் பகுப்பதற்கும் இதுவே வழி என்று அவர் மனத்தில் பட்டது. ரயில்வே அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பழைய முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்பே கோத்து நிறுத்திய வண்டித்தொடர் போல ஓர் எண் உண்டு; புதுப் பொருள் வந்தால் அதற்கேற்ற தொடர் இராது. அரங்கநாதனாரோ வண்டிகளைத் தனித்தனியே நிறுத்திவைத்து, வேண்டும்போது கப்ளிங் போட்டுக் கோத்துக்கொள்ளச் சொன்னார். நெற்பயிரின் நோயைப் பற்றி ஒரு நூல் வருகிறதென்று கொள்வோம். வேளாண்மை ஒரு வண்டி, நெல் ஒரு வண்டி, நோய் ஒரு வண்டி, நாடு ஒரு வண்டி, காலம் ஒரு வண்டி. கப்ளிங்காக அவர் முதலில் கொண்டது முக்காற்புள்ளியை. அதனால் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது. 1933-இல் அது நூலாக வெளிவந்தது.

1925-இல் திரும்பியவர் கணித வகுப்பை மீண்டும் கேட்கவில்லை. இருபதாண்டுகள், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், விடுமுறையின்றி உழைத்தார் என்பர். மணியடித்தவுடன் குடையைத் தேடும் நம் போன்றோர்க்கு இது நம்புதற்கரிது. இல்லத்தார்க்கு அதனால் நேர்ந்த இடர் எவ்வளவோ என்றும் எண்ணத் தோன்றுகிறது. வாசகர் தாமே அலமாரியண்டை சென்று நூலெடுக்கும் உரிமையை வழங்கினார். வந்தவர்க்கு வேண்டியதைத் தேடித் தருவதே பணியாளின் முதற் கடமை என்று வகுத்தார்.

1931-இல் அவர் வெளியிட்ட நூல், நூல்நிலையத் தொழிலை ஐந்து விதிகளில் அடக்குகிறது. நூல் பயன்படற்கு உரியது, ஒவ்வொருவர்க்கும் அவரவர்க்குரிய நூலும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் உண்டு என்பன போன்ற எளிய செய்திகளே அவை. வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்னும் நான்காம் விதியைப் படித்தபோது நாம் வெட்கினோம். ஓர் அம்மையார் நம்மிடம் சமையல் நூலொன்று கேட்க, அதனைத் தேடியெடுக்க நமக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பதிவேட்டில் வரிசை எண் இருந்தது. அலமாரியில் எங்கே என்பது இல்லை.

தாம் ஒருவர் கற்றால் போதாது என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணராயிருந்தார். மறு ஆண்டே நூல்நிலையப் பணியாளர்க்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கினார். அவ்வகுப்பை 1931-இல் சர்வகலாசாலையே ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர்.

1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் நூலகச் சட்டத்துக்கு ஒரு மாதிரி முன்வைத்தார். அது சட்டமாகப் பதினெட்டாண்டுகள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்தபோது, 1948-இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. வீட்டு வரியோடு நூலக வரி கட்டும் ஏற்பாடு அதன் பயனே.

1945-இல் சென்னைப் பதவியினின்று தாமே விலகினார். அப்போது காசி இந்து சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த ராதாகிருஷ்ணன் அவரை அழைத்தார். ஐம்பத்து மூன்று வயதில், சுமார் ஒரு லட்சம் நூல்களைப் பதினெட்டு மாதங்களில் தாம் ஒருவராகவே பகுத்துப் பட்டியலிட்டார். நம் காலனியிலிருந்து விசுவநாதர் தரிசனத்துக்குச் செல்வோர் அந்நூல்நிலையத்தையும் ஒருமுறை கண்டு வருதல் நன்று.

1947-இல் டில்லிக்கு வருமாறு மாரிஸ் குவையர் அழைத்தார். அங்கே நூலகவியலில் எம்.ஏ.வுக்கு ஒப்பான பட்டத்தையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஏற்படுத்தினார். காவற்காரன் வேலை என்று பிறர் நினைத்த ஒன்றுக்கு டாக்டர் பட்டம்! படிப்பு வந்தால் மட்டும் போதுமா, ஊதியம் வேண்டாவா? பல்கலைக்கழக மானியக் குழு 1957-இல் அவர் தலைமையில் அமைத்த நூலகக் குழு, நூலகர்க்கு ஆசிரியர்க்கு நிகரான மதிப்பும் சம்பளமும் வழங்கப் பரிந்துரைத்தது. கல்லூரி நூலகர் இன்று பெறும் நிலைக்கு அப்பரிந்துரை கால்கோள் எனலாம். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தது. தம் ஆயுட்காலச் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கே அளித்து, மனைவியார் சாரதா பெயரையும் தம் பெயரையும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் பீடம் ஒன்றை நிறுவச் செய்தார். எழுபது வயதை எட்டிய 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கி மீண்டும் வகுப்பெடுத்தார். 1972 செப்டம்பர் 27-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

அவருடைய கோலன் முறையை இன்று கைக்கொள்ளும் நூல்நிலையங்கள் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. அது கற்பதற்குக் கடினம்; அவரே பதிப்புக்குப் பதிப்பு மாற்றி வந்தமையின் பணியாளர் திணறினர். நமக்கோ அம்மாற்றங்களே பெருமையாகத் தோன்றுகின்றன. தாம் செய்ததைத் தாமே ஆறு பதிப்புகள் வரை திருத்தினார். ஏழாவது 1987-இல், அவர் மறைந்தபின் வந்தது.

அவர் பிறந்த நாளென ஆகஸ்டு 12-ஆம் தேதியை நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடி மாலையிடுகின்றனர். மறுநாள் நிலை வேறு. பட்டம் பெற்ற நூலகர் வேலைக்குக் காத்திருக்க, பல பள்ளிகளில் நூலகச் சாவி யாரேனும் ஓர் ஆசிரியரிடம் கூடுதல் சுமையாகத் தொங்குகிறது. சட்டம் முதலில் வந்த தமிழகத்திலும் பகுதிநேர நூலகங்கள் பல உள்ளன. பணியில் இருப்போர்க்கும் கவலை உண்டு. அட்டைப் பட்டியல் போய்க் கணிப்பொறி வந்தது. கோஹா, இ-கிரந்தாலயா முதலியவற்றை நடுவயதில் கற்க வேண்டியிருக்கிறது. கையிலிருக்கும் செல்பேசியே எல்லாம் சொல்லுமென்று வாசகர் வாராதிருக்க, அது சொல்வதில் மெய் எது என்று பிரித்துக் காட்டும் திறமும் நூலகர்க்கு வேண்டியதாகிறது. புதுப் பயிற்சிக்கு அனுப்புவோர் சிலரே; சொந்தச் செலவில் கற்போர் பலர்.

நம் காலனியிலும் அவ்வாறு கற்க விரும்பும் பெண்ணொருத்தி இருக்கிறாள். ஞாயிறுதோறும் வந்து நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கிக் கொடுத்தவள் அவளே. சமையல் நூல் இப்போது ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. அவள் அஞ்சல் வழியே நூலகவியல் பயிலுவதற்கான கட்டணத்தைச் சங்கம் ஏற்க வேண்டுமென்று நாம் கொடுத்துள்ள தீர்மானம், ஆண்டு விழாவை அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. மேடைத் திரைச்சீலைக்கு ஒதுக்கிய தொகையில் பாதியும் அதற்கு வேண்டா. அன்று சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் நாம் பேசுவோம்.