இலுப்பை மர நிழலில் எழுந்த ஞான ஒளி
தவத்திரு யோகர் சுவாமிகள்

சைவமும் தமிழும் தழைத்தோங்கும் யாழ்ப்பாணத்திலே ஞானியர் பரம்பரையொன்று இலைமறை காயாக இருந்து வந்துள்ளது. கடையிற் சுவாமிகள், அவர் வழிவந்த செல்லப்பா சுவாமிகள், அவர்தம் சீடராகிய யோகர் சுவாமிகள் ஆகிய மூவரும் பீடத்தில் அமர்ந்து உபதேசம் செய்தவர்கள் அல்லர். கடைத்தெருவும் தேரடியும் மரநிழலுமே அவர்களுக்கு ஆச்சிரமங்களாயின.

யோகர் சுவாமிகள் 29.05.1872 அன்று மாவிட்டபுரத்தில், அம்பலவாணர் சின்னாச்சிப்பிள்ளை தம்பதியினரின் புதல்வராக அவதரித்தார். இளவயதிலேயே தாயை இழந்தமையால், கொழும்புத்துறையில் தந்தைவழி உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியில் கல்வி கற்றார். சிறிது காலம் மலைநாட்டிலே மஸ்கெலியாவில் தந்தையாரின் வியாபாரத்துக்கு உதவியாக இருந்தார். பின்னர் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியப் பொறுப்பாளராக நியமனம் பெற்றார்.

அக்காலத்துக் கிளிநொச்சி அடர்ந்த வனம். பாலையும் முதிரையும் வீரையும் ஓங்கி நின்ற அவ்வன்னிக் காட்டின் நடுவே, பகலில் களஞ்சியக் கணக்குகளை ஒழுங்காக எழுதிய அவர், இரவு வேளைகளில் தனித்திருந்து தியானம் பழகினார் என்பர். 1897 இல் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து ஆற்றிய உரையும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. ஆயினும் அவர் தேடிய குரு மேடையிலே இருக்கவில்லை. நல்லூர்த் தேரடியிலே, வில்வ மரத்தின் கீழே இருந்தார்.

செல்லப்பா சுவாமிகளும் முன்னர் கச்சேரியில் அரச சேவையில் இருந்தவரே. அதனைத் துறந்து கந்தன் சந்நிதியின் தேரடியே கதியெனக் கிடந்த அவரை ஊரார் பைத்தியக்காரன் என்றே எண்ணினர். அருகே வந்தோரை ஏசிக் கலைப்பார். சமைத்து முடித்த சோற்றுப் பானையை உண்ணுமுன்னே உடைத்தெறிந்த நாட்களும் உண்டென்று சொல்வர். 1905 ஆம் ஆண்டளவில் அவரைத் தரிசித்த யோகநாதர், அந்த ஏச்சினுள்ளே அருள் இருக்கக் கண்டார். அதன் பின்னர் அவர் மனம் களஞ்சியத்தில் நிலைகொள்ளவில்லை.

உத்தியோகம் புருஷ இலட்சணம் என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த காலம் அது. மாதச் சம்பளமுள்ள அரச உத்தியோகத்தை ஒருவர் தாமாகவே விட்டுவிடுவது உற்றார் உறவினருக்கு விளங்கக்கூடிய காரியம் அன்று. எனினும் அவர் அதனை விட்டார். வெயிலென்றும் மழையென்றும் பாராது தேரடியிலே குருவின் நிழலாக நின்று பயின்றார். காவி தரித்துப் பட்டம் பெறும் சடங்கு எதுவும் அங்கே நடைபெறவில்லை. கால்நடையாகக் கதிர்காம யாத்திரையும் சென்று மீண்டார்.

பயிற்சி நிறைவெய்தியதும் குரு சீடரைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. தனியே போய் இருக்குமாறு விலக்கிவிட்டார். வேலையும் இல்லை, வீடும் இல்லை, குருவின் பக்கமும் இல்லை என்ற நிலையில் யோகர் சுவாமிகள் கொழும்புத்துறை வீதியோரத்திலே நின்ற ஓர் இலுப்பை மரத்தின் வேரடியில் வந்து அமர்ந்தார். ஆண்டுக்கணக்கில் அதுவே அவருக்கு இருப்பிடமாயிற்று. வழிப்போக்கர் சிலர் ஒதுங்கிச் சென்றனர், சிலர் நகைத்தனர். அவரோ பேசாதிருந்தார்.

இலுப்பை எமது மண்ணுக்கு உகந்த மரம். அதன் வித்தில் எடுக்கும் எண்ணெய் கோயில் விளக்கிலே எரியும், பிண்ணாக்கு தலை முழுக அரப்பாகும், பூவும் இனிக்கும். கோயில் வாசல்கள் எல்லோருக்கும் திறவாதிருந்த அக்காலத்தில், தெருவோரத்து இலுப்பையின் நிழல் வந்தவரின் குலத்தையோ பொருளையோ கேட்கவில்லை. கல்லாலின் கீழ் மௌனமாக இருந்த தட்சணாமூர்த்தியை நினைவூட்டும் அந்த இருக்கையை நாடி, மெல்ல மெல்ல ஒருவர் இருவராக மக்கள் வரலாயினர்.

பின்பு அன்பர்களின் வேண்டுதலுக்கு இணங்கி, அம்மரத்துக்கு அண்மையிலிருந்த ஒரு வளவில் சிறு கொட்டிலொன்றில் தங்கினார். அதிகாலையிலும் மாலையிலும் அடியார்கள் அங்கு கூடுவர். கர்ப்பூரம் ஏற்றித் தேவார திருவாசகங்களைப் பாடுவர். கமக்காரரும் ஆசிரியரும், நீதவான்களும் மாணவரும் ஒரே நிலத்தில் பாய் விரித்து இருந்தனர். பதவியைச் சொல்லிக்கொண்டு வந்தோர் குருவழி வந்த ஏச்சினைப் பெற்றுத் திரும்பியதும் உண்டு. துன்பப்பட்டு வந்தோரோ ஆறுதல் பெற்றே மீண்டனர். சுவாமிகள் அவ்வப்போது பாடிய பாடல்களும் கூறிய அறிவுரைகளும் அடியார்களால் எழுதிவைக்கப்பட்டு நற்சிந்தனை என்னும் நூலாயின.

1935 இல் சிவதொண்டன் என்னும் மாத இதழ் தொடங்கப்பட்டது. 1953 இல் வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. தியானமும் தொண்டும் இரு கண்களாகக் கொள்ளப்பட்ட அந்நிலையத்திலும் சுவாமிகள் தமக்கென ஓர் ஆசனம் தேடிக்கொள்ளவில்லை. கொட்டிலே அவருக்குப் போதுமானதாயிருந்தது. 1961 இல் தாம் வளர்த்த பசுவுக்கு உணவு கொடுக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நடமாட்டம் குறைந்தது. அப்போதும் அடியார் வருகை குறையவில்லை. 1964 ஆம் ஆண்டு பங்குனி ஆயிலிய நாளில், தமது 91 ஆவது வயதில் சமாதியடைந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் குருபூசை நடைபெற்று வருகின்றது.

தனித்திருக்கச் சென்ற ஒருவரைச் சுற்றி ஓர் அடியார் கூட்டமே உருவானது. அதற்கு ஒரு மரநிழலும், வந்தவர் அமைதியாக இருக்க ஓர் இடமுமே முதலில் போதுமானவையாக இருந்தன. கோயில் வீதிகளிலே நிற்கும் வில்வமும் இலுப்பையும் வேம்பும் அரசும் திருவிழாப் பந்தலுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் இடைஞ்சலென்று வெட்டப்படாது காக்கப்படல் வேண்டும். பட்டுப்போன மரத்துக்கு ஈடாக ஒரு கன்றாவது நாட்டப்பட்டு, கோடையிலே அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றப்படல் வேண்டும். அதன் கீழ் நாளை வந்து அமரப்போகின்றவர் யாரென்று இறைவன் ஒருவனே அறிவான்.

யோகர் சுவாமிகளின் திருவடிகள் வாழ்க! அடியார் கூட்டம் பெருகுக!