ச. ம. நடேச சாஸ்திரி

ச. ம. நடேச சாஸ்திரி (சங்கேந்தி மகாலிங்க நடேச சாஸ்திரி, 1859 – 1906) தமிழ்நாட்டில் வாய்மொழியாக வழங்கிவந்த கதைகளைத் தொகுத்து அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். கல்வெட்டு ஆய்வு, மொழிபெயர்ப்பு, புதினம் ஆகிய துறைகளிலும் பங்களித்துள்ளார். பண்டித நடேச சாஸ்திரி என்று பரவலாக அறியப்படுகிறார். இந்திய நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலேய அதிகாரிகளும், அவர்தம் குடும்பத்தினரும், சமயப் பரப்பாளர்களுமே பெரும்பாலும் தொகுத்துவந்த காலத்தில், அக்கதைகள் வழங்கிய சமூகத்திலேயே பிறந்த ஒருவர் அப்பணியை மேற்கொண்டது இவரது சிறப்பாகக் கருதப்படுகிறது.

வாழ்க்கை

நடேச சாஸ்திரி 1859 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிப் பகுதியில் ஓர் அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் புலமை பெற்றுப் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத் தொல்லியல் ஆய்வில் ராபர்ட் சிவெல் என்பாரின் கீழ்ப் பணியாற்றினார். ஜேம்ஸ் பர்ஜெஸ் பதிப்பித்து 1886 இல் வெளிவந்த தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளின் தொகுதியில் உள்ள மொழிபெயர்ப்புகள் இவருடையவை. இலண்டன் நாட்டார் வழக்காற்றியல் கழகத்தின் உறுப்பினராகவும் இருந்தார்.

கதைத் தொகுப்பு

இவர் தொகுத்த கதைகள் பல 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. பின்னர் அவை 'ஃபோக்லோர் இன் சதர்ன் இந்தியா' என்ற பெயரில் 1884 முதல் 1893 வரை நான்கு பகுதிகளாக நூல்வடிவம் பெற்றன. தமிழ் வாசகர்களுக்காகத் 'திராவிட பூர்வகாலக் கதைகள்', 'திராவிட மத்தியகாலக் கதைகள்' ஆகிய நூல்களையும் 1886 இல் வெளியிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856 இல் வெளிவந்த பின்னர் அறிஞரிடையே பரவிய 'திராவிட' என்னும் சொல்லை, பாட்டிமார் சொல்லும் கதைகளுக்கும் இவர் சூட்டியது குறிப்பிடத்தக்கது.

இக்கதைகளில் அரசர், அந்தணர், திருடர், பேய், புலி, மாமியார், மருமகள் எனப் பலரும் இடம்பெறுகின்றனர். சில கதைகள் வழக்குத் தொடர்களின் தோற்றத்தை விளக்குவனவாக அமைந்துள்ளன. எடுத்துக்காட்டாக, புலியை மணந்த அந்தணப் பெண்ணின் கதையில், மனித உருவில் வந்து பெண் கேட்ட புலி, திருமணத்திற்குப் பின் தன் உண்மை உருவைக் காட்டி மனைவியை அச்சுறுத்துகிறது. அவள் காகத்தின் மூலம் ஓலை அனுப்பித் தன் உடன்பிறந்தாரை வரவழைத்துத் தப்புகிறாள். சுயரூபத்தைக் காட்டுதல் என்னும் பேச்சு வழக்கு இதிலிருந்து பிறந்ததாகக் கதை முடிகிறது. விடாமுண்டன் கொடாமுண்டன் கதையும் இத்தகையதே. இன்று விடாக்கண்டன், கொடாக்கண்டன் என வழங்கும் தொடரைத் தமிழர் பலரும் அறிவர்.

மதனகாமராஜன் கதை

ஒரு கதைக்குள் பல கதைகளைக் கொண்ட மதனகாமராஜன் கதை, தமிழ் மக்களிடையே பெரிதும் பரவியிருந்த கதைநூல்களுள் ஒன்று. சாஸ்திரி இதனை 1886 இல் 'திராவிடியன் நைட்ஸ் என்டர்டெயின்மென்ட்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஐரோப்பியர் விரும்பிப் படித்த அராபிய இரவுக் கதைகளை நினைவூட்டுமாறு இப்பெயர் அமைந்தது. எகிப்தின் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர், அந்நாட்டு மக்களின் விழாக்களையும் கதைசொல்லிகளையும் பற்றி 1836 இல் ஒரு நூல் எழுதி, அதன்பின் அராபிய இரவுக் கதைகளையும் மொழிபெயர்த்திருந்தார். எகிப்தில் வெளிநாட்டார் ஒருவர் செய்த அவ்விரு பணிகளையும் ஒத்தவற்றைத் தமிழகத்தில் சாஸ்திரி உள்நாட்டவராக இருந்து செய்தார். மதனகாமராஜன் கதை 1941 இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

பிறர் நூல்களில் இவரது கதைகள்

1890 இல் இலண்டனில் வெளியான 'டேல்ஸ் ஆஃப் த சன்' என்னும் நூலில் திருமதி ஹோவர்ட் கிங்ஸ்கோட், நடேச சாஸ்திரி ஆகிய இருவர் பெயரும் உள்ளன. கிங்ஸ்கோட் தம் வீட்டுப் பணியாளர்கள் வழியாகக் கதை திரட்டத் தொடங்கியவர். சாஸ்திரி முன்னரே வெளியிட்டிருந்த கதைகள் பல இந்நூலில் சேர்க்கப்பட்டன. எனினும் அட்டையில் முதலில் நின்ற பெயர் கிங்ஸ்கோட்டினுடையதே.

1892 இல் ஜோசப் ஜேக்கப்ஸ் சிறுவர்க்காகத் தொகுத்த இந்தியத் தேவதைக் கதைகளில், சாஸ்திரியின் சோதிடர் மகன் கதை இடம்பெற்றது. கிணற்றில் விழுந்த புலி, பாம்பு, எலி ஆகியவற்றையும் ஒரு பொற்கொல்லனையும் கங்காதரன் என்பவன் காப்பாற்றுகிறான். விலங்குகள் நன்றி மறவாதிருக்க, பொற்கொல்லன் அவனைக் காட்டிக்கொடுக்கிறான் என்பது கதை. ஜேக்கப்ஸ் தம் குறிப்பில் மூலத்தைத் தெரிவித்தாலும், சாஸ்திரியின் ஆங்கிலத்தை ஏளனத்துடன் குறிப்பிட்டு, அதனைச் சுருக்கி மாற்றியதாகக் கூறுகிறார். இவ்வாறு தமிழ்க் கதை உலகெங்கும் சென்றபோது, அதைத் தந்தவரின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

விழாக்களும் நோன்புகளும்

இந்துக்களின் விழாக்கள், நோன்புகள், சடங்குகள் பற்றிய இவரது ஆங்கில நூல் ஹென்றி பீச்சம் எழுதிய முன்னுரையுடன் 1903 இல் வெளிவந்தது. ஒவ்வொரு விழாவிற்கும் உரிய காலம், வழிபாட்டு முறை, அதனோடு தொடர்புடைய புராணக் கதை ஆகியவற்றை இந்நூல் விளக்குகிறது. ஓராண்டின் விழாக்களைத் தென்னிந்தியக் குடும்பங்கள் எவ்வாறு கொண்டாடின என்பதை அறிய இது உதவும்.

தமிழ் உரைநடைப் பணி

வடமொழியிலிருந்து தசகுமார சரிதம், வால்மீகி இராமாயணம் ஆகியவற்றைத் தமிழ் உரைநடையில் தந்தார். இவர் எழுதிய 'தானவன்' (1894) தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் கதைகளுள் ஒன்று. தீனதயாளு, மதிகெட்ட மனைவி, மாமி கொலுவிருக்கை முதலிய புதினங்களையும் எழுதினார். தொகுத்த கதைகளில் வந்த மாமியார், மருமகள் பூசல் போன்ற குடும்பச் சிக்கல்கள் இப்புதினங்களிலும் இடம்பெறுகின்றன.

மறைவு

1906 ஆம் ஆண்டு சென்னையில் கோயில் திருவிழா ஒன்றின்போது மிரண்டோடிய குதிரையால் தாக்கப்பட்டு நடேச சாஸ்திரி காலமானார். விழாக்களைப் பற்றி நூல் எழுதி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. இவரது கதைகள் 'இந்தியன் ஃபோக் டேல்ஸ்' என்ற பெயரில் 1908 இல் மீண்டும் தொகுத்து வெளியிடப்பட்டன.

மதிப்பீடு

கதையைச் சொன்னவர் யார், எந்த ஊரினர், எப்போது சொன்னார் என்ற விவரங்களைப் பதிவுசெய்யும் இன்றைய ஆய்வுமுறை இவரது தொகுப்புகளில் காணப்படுவதில்லை. பேச்சு வழக்கின் ஓசையும் ஆங்கில நடையில் மறைந்துவிடுகிறது. ஆயினும், ஏட்டிலக்கியங்களைத் தேடிப் பதிப்பிப்பதே பெரும்பணியாக இருந்த காலத்தில், திண்ணையிலும் அடுக்களையிலும் சொல்லப்பட்ட கதைகளும் காக்கப்பட வேண்டியவை என இவர் கருதினார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 2003 இல் வெளியிட்ட, தென்னிந்திய அச்சுப் பண்பாடும் நாட்டார் வழக்காறும் பற்றிய ஆய்வுநூல் இவரது பணியை விரிவாக ஆராய்கிறது.

முக்கிய நூல்கள்

- ஃபோக்லோர் இன் சதர்ன் இந்தியா (நான்கு பகுதிகள், 1884 – 1893)
- திராவிட பூர்வகாலக் கதைகள் (1886)
- திராவிட மத்தியகாலக் கதைகள் (1886)
- திராவிடியன் நைட்ஸ் என்டர்டெயின்மென்ட்ஸ் (1886)
- டேல்ஸ் ஆஃப் த சன் (கிங்ஸ்கோட்டுடன், 1890)
- தானவன் (1894)
- இந்து ஃபீஸ்ட்ஸ், ஃபாஸ்ட்ஸ் அண்ட் செரிமனீஸ் (1903)
- இந்தியன் ஃபோக் டேல்ஸ் (1908)