கொலாஜன் பவுடர் குடிக்கிறீங்களா? அதன் வடிவத்தைச் சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

கோவையில் மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் சரி, இன்ஸ்டாவைத் திறந்தாலும் சரி, கொலாஜன் பவுடர் விளம்பரம்தான். சுருக்கம் போகுமாம், முகம் பளபளக்குமாம். அந்தக் கொலாஜன் எப்படி இருக்கும் என்று உலகுக்குச் சொன்னது, நம்ம சென்னையில் இருந்த ஒரு இயற்பியலாளர். பெயர் ஜி.என்.ராமச்சந்திரன். சுருக்கமா ஜி.என்.ஆர்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு பெங்களூருவில் சர் சி.வி.ராமனிடம் ஆய்வு, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர் ஆனார். அப்போது இங்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஜி.என்.ஆர். அதைப் பிடித்துக்கொண்டார்.

கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரேயில் ஆராய்ந்தார்கள் (ஆமாங்க, கங்காருதான்!). 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீங்க. புரிகளைச் சேர்த்து முறுக்கினால்தான் இழுவை தாங்கும். கொலாஜனும் அப்படித்தான்: மூன்று புரி முறுக்கு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கும். உள்ளே அவ்வளவு நெருக்கடி, மிகச் சிறிய அமினோ அமிலம்தான் நுழைய முடியும்.

சும்மா விடுவார்களா? டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று மறுத்தார்கள். விவரங்களில் சில திருத்தம் வந்தது, மூன்று புரி மட்டும் நிலைத்தது. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அந்தக் கேள்வியையே ஜி.என்.ஆர். ஆராயப்போய், 1963-ல் பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம். புதிய புரதம் எதன் வடிவத்தைக் கண்டாலும், இன்றைக்கும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

சரி, சுருக்கம் ஏன் வருது? வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலில் அதிகமாகும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது; அடுத்த 5 ஆண்டுகளில் தோல் கொலாஜனில் சுமார் 30% போய்விடுகிறது என்கின்றன ஆய்வுகள். பவுடரா? செரிமானமாகித் துண்டு துண்டாகத்தான் ரத்தத்தில் சேரும். குடித்தது அப்படியே கன்னத்தில் போய் உட்காராது.

நோபல் பரிசு ஜி.என்.ஆருக்குக் கிடைக்கவே இல்லை. 1998-ல் மனைவி ராஜம் இறந்தார். பார்கின்சன் நோயுடன் போராடிய ஜி.என்.ஆர்., 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.